மூணு செங்கல் டிரைவிங் ஸ்கூல்

வண்டியே இல்லாமல் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த வாத்தியார் இந்தப் பூமியில் ஒருவன்தான் பிறந்தான். அவனும் திண்டுக்கல்லில்தான் பிறந்தான். ஏதோ வெளிநாட்டில் டிரைவரே இல்லாமல் ஓடுகிற காரைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று என் பேரன் டிவியைக் காட்டி வாயைப் பிளந்தான். "போடா, எங்க காலத்துலயே காரே இல்லாம டிரைவர் மட்டும் ஓடிக்கிட்டிருந்தான், அதை யாரும் டிவியில காட்டல" என்றேன். நம்பமாட்டேன் என்கிறான். நீங்களாவது நம்புங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டாலும் ஊரில் சொல்வார்கள். நான் மூன்றாம் வகுப்பில் பாதி படித்தவன். என் பெயர் எழுதிய பதினோரு லாரி இன்றைக்கு நாலு ராஜ்யத்தில் ஓடுகிறது. பட்டம் வாங்கியவர்கள் ஆறு பேர் என் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அவர்கள் எழுதியதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாலும் தப்பு இருக்கிற இடத்தில் விரலை வைப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையைச் சொல்கிறேன். உண்மையே பெருமையாக இருந்தால் நான் என்ன செய்ய?

போன மாதம் ஒரு கல்லூரியில் என்னை மேடையில் உட்காரவைத்து, வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று கேட்டார்கள். முக்கால் மணி நேரம் சொன்னேன். கடைசியில் ஒரு பெண் எழுந்து, "ஐயா, உங்களுக்கு வழிகாட்டி யாரு?" என்றது. "எனக்கு நானேதாம்மா" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வீட்டுக்கு வந்தால், முன் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டிருந்த என் வீட்டுக்காரி தட்டில் சோற்றை வைத்தாள். வெஞ்சனம் வைக்கவில்லை.

"தொட்டுக்க எங்கடி?"

"அதையும் நீங்களே உண்டாக்கிக்கிடுங்க. அந்த ஹேண்டில் தம்பி இல்லாட்டி நானும் எம் மகளும் இன்னைக்கு வரைக்கும் அகரத்துல எங்கப்பா வீட்டுலதான் கெடந்திருப்போம்."

வெறுஞ்சோற்றைத் தின்றுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஹேண்டில் என்பது அவன் பெயர் அல்ல. அவன் பெயர் என்னவென்று அவனுக்கே சந்தேகம் இருந்தது என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து லாரிக்குச் சாவியைத் திருப்பினால் உயிர் வராது. முன்னால் மூக்கில் ஒரு ஓட்டை இருக்கும். வளைந்த இரும்புக் கம்பி ஒன்றை அதில் செருகி, மூச்சைப் பிடித்துச் சுற்றவேண்டும். அந்தக் கம்பிதான் ஹேண்டில். திண்டுக்கல் சந்தைக்குப் பக்கத்துப் பொட்டலில் காலையில் பத்து லாரி நின்றால் ஏழு லாரி இருமும், இரண்டு தும்மும், ஒன்று படுத்த மாடு மாதிரி எழுந்திருக்கவே மாட்டேன் என்னும். பத்தையும் கிளப்பி அனுப்புவது இவன் பிழைப்பு. எல்லாரும் வலது கையால் சுற்றினால் இவன் இடது கையால் சுற்றுவான். வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணல். கேட்டால், "பொறந்தப்பவே அப்படித்தாண்ணே, எங்காத்தா அவசரத்துல பெத்துட்டா" என்பான்.

லாரிகள் எல்லாம் போன பிறகு, அதே பொட்டலில் வேப்பமரத்து நிழலில் அவனுடைய ஸ்கூல் திறக்கும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை தனி. ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தெட்டு வயது, அதற்குள் ஒன்பது வேலை பார்த்திருந்தேன். தோல் ஷாப்பில் சேர்ந்தேன்; நாற்றத்துக்கு ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மட்டும் வேலை பார்த்தேன், அரைக் கூலி ஆள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். சுருட்டுக் கம்பெனியில் நான் சுற்றிய சுருட்டு, பற்றவைத்ததும் வாழையிலை மாதிரி விரிந்து ஒரு பெரிய மனிதரின் மீசையைக் கொண்டுபோயிற்று. சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிற வேலை. உள்ளே சண்டைக் காட்சி ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் ஆளுக்குப் பாதி டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க மறந்து முழுசாகவே கிழித்துப் போட்டேன். அன்றைக்குத் திரையில் நடந்ததைவிடப் பெரிய சண்டை பெஞ்சில் நடந்தது. மற்ற ஆறும் இதே லட்சணம்தான். திறமை இல்லாமல் அல்ல. என் திறமைக்கு அந்த வேலைகள் சின்னதாக இருந்தன.

இது என் மாமனாருக்குப் புரியவில்லை. அவர் தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் அகரத்தில் கத்தரியும் வெண்டையும் போட்டவர். மீசையை வைத்தே பறவை விரட்டுவார். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போன என் வீட்டுக்காரியையும், பிறந்து மூன்று மாதமான மகளையும் கூட்டிவரப் போனேன். மனுஷன் கத்தரிக்காய்க் கூடைக்கு நடுவில் உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தார்.

"மாப்ளே, பொண்ணு கேட்டு வந்தப்ப என்ன வேலைன்னு சொன்னீக?"

"தோல் ஷாப்புல மாமா."

"வளைகாப்புக்கு வந்தப்ப?"

"சினிமாக் கொட்டாயில."

"இப்ப?"

அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. "லாரி டிரைவராகப் போறேன் மாமா" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கட்டியிருந்த எருமை திரும்பிப் பார்த்தது. "சரி. எங்கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டுங்க. அன்னைக்கு எம் பொண்ணையும் பேத்தியையும் நானே உங்க லாரியில ஏத்திவிடுறேன். அது வரைக்கும் இவுக இங்கனதான். அம்புட்டுத்தான்."

கதவுக்குப் பின்னாலிருந்து குழந்தையின் கை ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது. அதைத் தொட்டுவிட்டு வந்துவிடலாம் என்று எழுந்தேன். "டிரைவரானப்புறம் தொடலாம் மாப்ளே" என்றார்.

திண்டுக்கல்லுக்கு வந்து பொட்டலில் ஒவ்வொரு டிரைவராகக் கேட்டேன். அந்தக் காலத்தில் டிரைவர் ஆவதற்கு ஒரே ஒரு வழி. ஆறு வருஷம் கிளீனராக இருக்கவேண்டும். வண்டி கழுவி, கயிறு கட்டி, டிரைவருக்கு முதுகு தேய்த்து, தலையில் குட்டு வாங்கி, ஏழாவது வருஷம் ஸ்டேரிங்கைத் தொட விடுவார்கள். ஆறு வருஷத்தில் என் மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். அப்போதுதான் ஒரு டிரைவர் சிரித்துக்கொண்டே வேப்பமரத்தைக் காட்டினார். "அவசரம்னா அங்க போ. நாப்பது நாள்ல டிரைவர் ஆக்கிருவான். ஆனா லாரி மட்டும் இருக்காது."

போனேன். டீக்கடையில் கழித்துப்போட்ட பெஞ்சு ஒன்று. அதற்கு முன்னால் கீழே மூன்று செங்கல். ஒரு முளைக்குச்சியில் அறைந்த சல்லடை வளையம். பக்கத்தில் குழி தோண்டி, பொலபொலவென்று மணல் போட்டு, அதில் நட்ட கடப்பாரை; அதுதான் கியர். ஒரு பழைய ரப்பர் ஹாரன் உருண்டை. அதன் குழாய் தொலைந்துபோயிருந்தது.

ஹேண்டில் என்னைவிட நாலு வயது சின்னவன். அதனால் என்னைத் திட்டும்போதும் மரியாதையாகத்தான் திட்டுவான்.

"உக்காருங்கண்ணே. நடுச்செங்கல் பிரேக்கு. இடது கால் கிளட்ச்சு. மிதிங்க."

மிதித்தேன். "செங்கல் அமுங்கலயேப்பா."

"செங்கல் எப்படிண்ணே அமுங்கும்? மனசால அமுக்குங்க."

மனசால் அமுக்கினேன்.

"இப்ப மெதுவா விடுங்க... மெதுவா... படக்குனு விட்டீங்களே அண்ணே, வண்டி குதிச்சு நின்னுபோச்சு பாருங்க! நீங்க ஒரு மாடுண்ணே."

அவன் எழுந்து பெஞ்சுக்கு முன்னால் போய், கையில் கம்பி இல்லாமலேயே ஹேண்டில் சுற்றி, வண்டியை மறுபடி கிளப்பிவிட்டு வந்தான். அன்று காலையில் மட்டும் பதினேழு தடவை சுற்றினான். வியர்த்துக் கொட்டியது. கூலி கிடைக்கிற லாரிக்குக்கூட அவன் அப்படிச் சுற்றி நான் பார்த்ததில்லை.

இன்ஜின் சத்தம் ஓட்டுபவன்தான் போடவேண்டும் என்பது ஸ்கூலின் முதல் சட்டம். "சத்தம் இல்லாம எப்ப கியர் மாத்துறதுன்னு எப்படிண்ணே தெரியும்?" நியாயம்தான். 'டுர்ர்ர்ர்' என்று ஆரம்பித்து, தொண்டை ஏறி 'ஈஈஈங்' என்று வரும்போது அடுத்த கியர். ஹாரனுக்கு உருண்டையை நான் அமுக்கவேண்டும். 'பாம்' என்பதை அவன் சொல்லுவான். அவன் வாயில் வெற்றிலை இருக்கும் நேரத்தில் ஹாரன் வேலை செய்யாது.

ஃபீஸ் வித்தியாசமானது. மத்தியானக் கஞ்சியை அவனே கொண்டுவந்துவிடுவான், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் படிக்கிற ஆள் கொண்டுவரவேண்டும். வீட்டுக்காரி இல்லாத வீட்டில் நானே பொங்கி, நானே வதக்கி, நானே கருக்கிக் கொண்டுபோவேன். முதல் நாள் கத்தரிக்காய் வதக்கலை வாயில் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தான்.

"உப்பு இல்லண்ணே."

"மறந்துட்டேன்ப்பா."

"இன்னைக்கு ரெண்டாவது கியர் கெடையாது."

இரண்டாவது கியருக்குக் கருவாட்டுக் குழம்பு, மூன்றாவதுக்கு மொச்சை. மூன்றிலிருந்து நாலுக்குப் போக எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளில்தான் நான் சமைக்கக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் என் கைக் கருவாட்டுக் குழம்புக்கு இந்த ஜில்லாவில் எதிர்ப்பாட்டு கிடையாது.

ஸ்டேரிங்குக்கு ஒரு பரீட்சை வைத்திருந்தான். சல்லடை வளையத்தின் மேல் ஒரு பலகைத்துண்டை வைத்து, அதன் மேல் விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரப்பிய செம்பை வைப்பான். வளையத்தைப் பிடித்தபடி ஊர் போய்ச் சேரவேண்டும். ஒரு சொட்டுச் சிந்தினாலும், "போச்சு, பாலத்துலருந்து கீழ விழுந்தாச்சு" என்பான். முதல் வாரம் நான் விழாத பாலம் மதுரை ஜில்லாவில் இல்லை.

ஊர் என்று சொன்னேனே, தினமும் ஒரு ஊருக்குப் போவோம். ஒரு நாள் வத்தலக்குண்டு. 'டுர்ர்ர்' என்று போய்க்கொண்டிருந்தவனை நிறுத்தினான். "ரயில் கேட்டு அடைச்சிருக்குண்ணே." வண்டியை நிறுத்தினேன். ரயில் வரவில்லை. கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். "கூட்ஸ் வண்டி போலருக்கு. செத்த நேரம் ஆகும். எறங்கி டீ குடிச்சிட்டு வாங்க" என்றான். போய் டீ குடித்துவிட்டு வந்தேன். கேட் திறந்திருந்தது.

இன்னொரு நாள் கொடைக்கானல். கத்திரி வெயில். வரும்போதே கம்பளி கொண்டுவரச் சொல்லிவிட்டான். போர்த்திக்கொண்டு, வியர்வை கண்ணில் இறங்க, கொண்டை ஊசி வளைவுகளில் வளையத்தை ஒடித்து ஒடித்து ஏறினேன். பாதி மலையில், "அண்ணே, குளுருது" என்று என் கம்பளியில் பாதியை வாங்கிக்கொண்டான். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற லாரிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீரனூருக்குப் போக பஸ் தேடி வந்த ஒரு வெளியூர்க்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் மூட்டையோடு உட்கார்ந்து, "ஏனுங்க, பழனி வழியாப் போகுங்களா?" என்றார்.

"இல்லங்க, இது கொடைக்கானல் வண்டி" என்றான் ஹேண்டில். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

ஒரு நாள் ஆட்டை அடித்துவிட்டேன். "ஐயய்யோ, குட்டி ஆடுண்ணே!" என்று அவன் தலையில் கை வைத்தான். அன்று ஸ்கூல் லீவு. நீங்கள் சிரிப்பீர்கள். நாற்பது வருஷம் நான் லாரி ஓட்டியிருக்கிறேன். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ஊர் எல்லை வந்தால், அந்த இல்லாத ஆட்டுக்குட்டி எனக்கு இன்னமும் குறுக்கே ஓடும்.

நாற்பதாவது நாள் செம்புத் தண்ணீர் சிந்தாமல் மதுரை போய்த் திரும்பினேன். ஹேண்டில் செம்பை எடுத்து, அந்தத் தண்ணீரை எனக்கே குடிக்கக் கொடுத்தான். "நீங்க டிரைவருண்ணே" என்றான். அதுதான் சர்டிபிகேட்.

நல்ல நேரமும் கூடிவந்தது. நிலக்கோட்டையில் ஒரு பூ மண்டி முதலாளி. அவரிடம் சண்டைக் காலத்துப் பழைய லாரி ஒன்று. மல்லிகைப்பூக் கூடைகளை ஏற்றிக்கொண்டு தினமும் திண்டுக்கல் வரும். ஹேண்டில்தான் அதைக் கிளப்பி அனுப்புவான். டிரைவர் திடீரென்று மெட்ராஸுக்குப் போய்விட, முதலாளி தவித்தார். "எனக்குத் தெரிஞ்ச டிரைவர் அண்ணன் ஒருத்தர் இருக்காரு" என்றான் ஹேண்டில். "வரச் சொல்லு, ஓட்டிக் காட்டட்டும். லைசென்ஸ் கிய்சென்ஸ் எல்லாம் நான் பாத்துக்கிடுறேன்" என்றார் முதலாளி.

அகரத்துக்குச் சொல்லி அனுப்பினேன். மாமனார் குடையோடு வந்து சேர்ந்தார்.

அந்த மண்டி இருந்த இடத்தைச் சொல்லவேண்டும். மெயின் ரோட்டிலிருந்து ஒரு முட்டுச்சந்து. இருநூறு அடி நீளம். கடைசியில் மண்டி. சந்தின் அகலம் லாரியின் அகலம்தான். இரண்டு பக்கமும் ஒரு சாண் கூடுதல். உள்ளே போனால் திருப்ப முடியாது என்பதால் எந்த டிரைவரும் போகமாட்டான். சந்து வாயிலில் பின்பக்கத்தைக் காட்டி லாரியை நிறுத்திவிடுவார்கள். சுமைக்காரர்கள் ஒவ்வொரு கூடையாக வெயிலில் தலைச்சுமையாகக் கொண்டுவருவதற்குள் மொட்டு பாதி விரிந்துவிடும். விரிந்த பூவுக்கு மார்க்கெட்டில் மதிப்பு ஏது?

அன்றைக்கும் லாரி அப்படித்தான் சந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. முதலாளி, "ரோட்டுல ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வாப்பா, பாப்போம்" என்று சொல்லிவிட்டு, சந்துக்குள் நடந்து மண்டி வாசலில் கூடை பார்க்கப் போனார். நான் ஏறி உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜ லாரி. பக்கத்தில் மாமனார், குடையை இரண்டு முழங்காலுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு. முன்னால் ஹேண்டில். இடது கையால் ஒரே சுற்று. லாரி உயிர் பெற்றது. அவன் கம்பியை உருவிக்கொண்டு எனக்கு ஒரு சல்யூட் அடித்தான்.

"டுர்ர்ர்ர்" என்றேன்.

மாமனார் திரும்பிப் பார்த்தார். "என்ன மாப்ளே, தொண்டையா?"

கிளட்ச்சை மிதித்தேன். கியரை ஹேண்டில் சொல்லிக்கொடுத்தபடி என் பக்கமாக இழுத்துப் பின்னால் தள்ளினேன். முதல் கியர். கிளட்ச்சை மனசால் விட்டேன். வண்டி பூ மாதிரி நகர்ந்தது. ஒரு குலுக்கல் இல்லை. ஆனால் கண்ணாடிக்கு முன்னால் நின்ற ஹேண்டில் மட்டும் ஏனோ சின்னதாகிக்கொண்டே போனான்.

"மாப்ளே! வண்டி பின்னால போகுதுய்யா!"

திரும்பிப் பார்த்தேன். சந்து எங்களை விழுங்கிக்கொண்டிருந்தது. பூக்காரிகள் கூடையோடு வீட்டு வாசல்களுக்குள் குதித்தார்கள். கதவு ஓரமாகச் சுவர் சர்ரென்று ஓடியது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் என்ன ஆகும்? மாமனார் இறங்கி அகரம் பஸ் ஏறுவார். கதவுக்குப் பின்னால் நீண்ட அந்தச் சின்னக் கை என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"அப்படித்தான் மாமா போகணும்" என்றேன்.

ஸ்டேரிங்கின் மேல் செம்பு இருப்பதாக நினைத்துக்கொண்டேன். விளிம்பு வரைக்கும் தண்ணீர். கையை ஒரு நூல் அசைக்கவில்லை. வாய் மட்டும் தன்னால் 'டுர்ர்ர்' என்றது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டு, "பழனியாண்டவா, எம் பொண்ணை அனுப்பிவிடுறேன், என்னை எறக்கிவிடு" என்று வேண்டிக்கொண்டிருந்தார். முதலாளிக்கும் லாரிக்கும் நடுவில் ஒரே ஒரு கூடை இடைவெளி இருக்கும்போது நடுச்செங்கல்லை மிதித்தேன். நின்றது.

முதலாளி கையில் பூக்கூடையோடு சிலை மாதிரி நின்றார். பிறகு ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்!

"ஏலே! இந்தச் சந்துக்குள்ள லாரி வராதுன்னு சொன்ன பயலுகள்லாம் எங்கடா? கூப்புடுங்கடா அவனுகளை! வந்து பாக்கட்டும்டா!"

சுமைக்காரர்கள் லாரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். முதலாளி என் கையைப் பிடித்து இறக்கினார். "இனிமே தெனமும் இப்படியே வந்துரணும், என்ன? ரவுண்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். வேலை உனக்குத்தான்."

மாமனாரும் இறங்கினார். குடை வளைந்திருந்தது. "மாப்ளே... இது முன்னாடியும் ஓடுமா?"

"ஓடும் மாமா. அதெல்லாம் சாதாரணம்."

என் மூளை வேலை செய்கிற வேகத்தை இங்கே சொல்லியாகவேண்டும். ஹேண்டிலுடைய முதல் கியர் ரிவர்ஸ் என்றால், ஹேண்டிலுடைய ரிவர்ஸ் என்னவாக இருக்கும்? ஏறிப் போட்டேன். லாரி அழகாக முன்னால் நகர்ந்து வெளியே வந்தது. மூன்றாம் வகுப்பை முடித்தவர்களுக்குக்கூட இது தோன்றியிருக்காது.

வெளியே கூட்டம். முதலாளி பின்னாலேயே ஓடிவந்து கேட்டார். "யாருப்பா உனக்கு இம்புட்டுச் சுத்தமாச் சொல்லிக்குடுத்தது?"

அப்போது ஹேண்டில் கையில் கம்பியோடு எனக்கு எதிரில்தான் நின்றான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மாமனாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சு, மூணு செங்கல், சல்லடை வளையம் என்று எப்படிச் சொல்ல?

"யாரும் சொல்லிக்குடுக்கல முதலாளி. கூடவே பொறந்தது."

ஹேண்டில் தலையைக் குனிந்து கம்பியைத் துடைத்தான். "ஆமா முதலாளி" என்றான். "நான் ஹேண்டில் போடுறதோட சரி. மத்தது அண்ணனுக்குக் கூடப்பொறந்தது."

திரும்பி வருகிற பஸ்ஸில் அவன் காற்றில் கியர் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான். செம்பட்டி தாண்டியதும் மெதுவாகக் கேட்டான். "அண்ணே, நான் சொல்லிக்குடுத்த மொத கியரு..."

"அதைத்தான்ப்பா போட்டேன். போகவேண்டிய எடத்துக்குப் போயிருச்சுல்ல?"

யோசித்தான். "போயிருச்சு." டிக்கெட்டை மடித்துக்கொண்டே, "அண்ணே, ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது. நான் லாரிக்குள்ள ஏறுனதே இல்லண்ணே."

அப்போதுதான் விஷயம் விளங்கிற்று. செங்கல் வரிசையை டிரைவர்களிடம் கேட்டு வைத்துவிட்டான். கியரைக் கேட்க மட்டும் வாத்தியாருக்குக் கூச்சம். தினமும் லாரிக்கு முன்னால் நின்று ஹேண்டில் சுற்றும்போது, கண்ணாடி வழியாக டிரைவரின் கை போகிற திசையைப் பார்த்துத் தானே தெரிந்துகொண்டான். எதிரே நின்று பார்த்தவனுக்கு எல்லாம் எதிராகத்தானே தெரியும்? டிரைவரின் இடது அவனுக்கு வலது. டிரைவருக்கு முன்னால் அவனுக்குப் பின்னால். அந்தப் பாடத்தைத்தான் நான் நாற்பது நாள் வெஞ்சனம் கொடுத்துப் படித்தேன்.

மறுநாள் பொட்டலுக்குப் போனேன். கிழக்கே பார்த்திருந்த ஸ்கூல் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. பெஞ்சு, செங்கல், கடப்பாரை எல்லாவற்றையும் பெயர்த்துத் திருப்பி நட்டிருந்தான்.

"என்னப்பா இது?"

"வெயில் அடிக்குதுண்ணே" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

பெஞ்சைத் திருப்பினால் உட்கார்ந்திருக்கிறவனும் சேர்ந்துதானே திரும்புவான், கியர் எப்படித் திருந்தும் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவனிடம் படித்துவிட்டு வந்த ஒவ்வொருவனையும் ரகசியமாகக் கூப்பிட்டு, "அவன் சொன்னதெல்லாம் வேதம். கியரை மட்டும் தலைகீழாப் போடு" என்று சொல்லி அனுப்பினேன். அவர்களில் ஒருவன்கூட ஆட்டை அடித்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமனார் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். என் வீட்டுக்காரியையும் மகளையும் அவரே லாரியில் ஏற்றிவிட்டார். லைசென்ஸ் வருகிற வரைக்கும் முதலாளி ஏற்பாடு செய்த ஒரு வயதான டிரைவர் என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் நான் 'டுர்ர்ர்' என்று சொல்ல, என் மகள் பொக்கை வாயால் சிரித்தாள். பாதி வழியில் அவளும் 'டுர்ர்ர்' என்று எச்சிலைத் தெறிக்கவிட ஆரம்பித்தாள். அவள் முதலில் பேசியது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ஹேண்டில் ஸ்கூல் பாடம்தான்.

ஏழெட்டு வருஷம் போயிற்று. பழைய பெட்ரோல் லாரியானாலும் என் பெயர் எழுதிய முதல் லாரியை வாங்கினேன். மாலை போட்டு நேரே பொட்டலுக்குக் கொண்டுபோனேன். சாவி போட்டாலே கிளம்புகிற வண்டிகள் வர ஆரம்பித்திருந்த காலம். ஹேண்டிலுக்கு வேலை குறைந்திருந்தது. வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். நான் கருவாட்டுக் குழம்பை இறக்கி வைத்தேன். விரலால் தொட்டு நக்கிப் பார்த்தான்.

"உப்பு சரியா இருக்குண்ணே."

"அப்ப எந்திரி. ஏறி உக்காரு. நீதான் இன்னைக்கு ஓட்டுற."

எழுந்தவன், லாரிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டான். கோணலான வலது கையை எனக்கு முன்னால் நீட்டித் திருப்ப முயன்றான். பாதிக்கு மேல் திரும்பவில்லை. "ஆத்தா மேல பழியப் போட்டேண்ணே, பாவம் அவ. பத்தொம்பது வயசுல ஹேண்டில் உதறி அடிச்சது. அடுத்த வாரம் கிளீனராச் சேத்துக்கிடுறேன்னு ஒரு டிரைவர் சொல்லியிருந்தாரு. இந்தக் கையி ஸ்டேரிங்கை ஒடிக்காதுண்ணே."

நாற்பது நாள் என்னைக் கொண்டை ஊசி வளைவில் ஒடிங்க, ஒடிங்க என்று விரட்டியவன்.

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஹேண்டில் போடவேண்டாம்ப்பா. சாவியும் வேண்டாம். நீ ஏறு" என்றேன்.

ஏறினான். வாழ்நாளில் முதல் தடவை. சீட்டைத் தடவினான். ஸ்டேரிங்கை ஒரு தடவை மோந்து பார்த்தான். நான் பக்கத்தில், மாமனார் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

"எங்கண்ணே போகணும்?"

"கொடைக்கானல்."

"கம்பளி?"

தோளில் கிடந்த துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். அவன் கிளட்ச்சை மிதித்தான். அது நிஜமாகவே அமுங்கியதும் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். கியரைத் தன் பக்கமாக இழுத்துப் பின்னால் தள்ளினான். அவன் போட்ட கியருக்கு அன்று நாங்கள் மலை முழுக்கப் பின்னாலேயேதான் ஏறியிருக்கவேண்டும், நான் மூச்சுவிடவில்லை. "டுர்ர்ர்ர்" என்றான். ஹாரன் வரவேண்டிய இடத்தில் எல்லாம் நான் 'பாம்' சொன்னேன். ரயில் கேட்டில் நின்றோம். ஒரு ஆட்டுக்குட்டிக்கு வழிவிட்டோம். வளைவில் அவன் கை நின்ற இடத்தில், சத்தம் போடாமல் நான் ஒரு கையைக் கொடுத்து மீதியைத் திருப்பினேன்.

அரை மணி நேரம் கழித்து பிரேக்கை மிதித்தான். நெற்றி வியர்வையை வழித்து உதறினான்.

"எறங்குங்கண்ணே, ஊரு வந்திருச்சு."

வேட்டியில் தூசி ஒன்றும் இல்லைதான். இருந்தாலும் நன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டுதான் இறங்கினேன்.